கூந்தன்குளத்து ஆச்சியின் கணக்கு

பிப்ரவரி 6, 2025, வியாழன் – திருநெல்வேலி

கரூரில் ராத்திரி ஏறிய ரயில் விடியக்காலை 5 மணிக்கு நெல்லை ஜங்ஷனில் இறக்கிவிட வேண்டியது. கோவில்பட்டியைத் தாண்டி ஒரு கரிசல் காட்டுக்கு நடுவே நின்றது நின்றதுதான். இறங்கும்போது மணி 9.20. பறவை பார்க்கிறவர்களுக்கு விடியற்காலை போனால் அன்றைக்குப் பாதி நாள் போன மாதிரி. இருட்டோடு நயினார்குளத்துக்குப் போய் நிற்கலாம் என்றிருந்தேன், அது நடக்கவில்லை.

தோழியின் வீடு பாளையங்கோட்டையில். அவள் அம்மா மதியத்துக்குச் சொதி வைத்திருந்தார்கள், கூட இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆக்கிப்போடுகிற சாப்பாடு. முதல் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றிவிட்டு அடுப்பைவிட்டு நகராமல் நின்றார்கள். கொதித்தால் திரிந்துவிடுமாம். இரண்டாவது முறை சோறு போடும்போது கேட்டார்கள்: "ஏம்மா, குருவி பாக்கதுக்கா லீவு போட்டுட்டு இம்புட்டுத் தூரம் வந்த?"

அவர்கள் ஆசையாகத்தான் கேட்டார்கள். ஆனால் இந்தக் கேள்வியை நான் 9 வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். கோயிலுக்குப் போகிறேன் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பறவை பார்க்கப் போகிறேன் என்றால் வேறு வேலை இல்லையா என்பது போலப் பார்ப்பார்கள். அதனால் லீவு லெட்டரில் எப்போதும் 'சொந்த வேலை' என்றே எழுதிவந்தேன். இந்தத் தடவைதான் மாற்றி எழுதினேன். ராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயங்கள், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்து தமிழ்நாட்டின் கணக்கு 20 ஆகிவிட்டது, இந்தியாவிலேயே இதுதான் அதிகம் என்று இந்த மாதத் தொடக்கத்தில் செய்தி வந்ததே, அதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் பக்கத்து சீட்டு அண்ணன், "இது நீங்க போற மாதிரி இடமா மேடம்?" என்று கேட்டார். அந்தத் தைரியத்தில் 'கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் செல்ல' என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டார். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நான் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் நயினார்குளம். ஒரு பக்கம் மொத்தக் காய்கறிச் சந்தை. அழுகிய கோஸ் வாடையும் வெங்காயச் சருகும் கரை வரை வருகின்றன. குளத்துக்குள் மரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் அடைய வந்துகொண்டிருந்தன. நான் பைனாகுலரை எடுத்ததும், லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் தலைத்துண்டை உதறியபடி பக்கத்தில் வந்து நின்றார். அடிக்க வருகிறாரோ என்றுகூட நினைத்தேன். "அதப் பாத்துட்டு நிக்காதீய. ஆறே காலுக்கு மேக்க பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

6.17-க்கு வந்தன சூறைக்குருவிகள். முதலில் ஒரு புகைக் கோடு. பிறகு அந்தக் கோடே சுருண்டு பந்தாகி, பந்து உடைந்து விரித்த துப்பட்டாவாகி, எங்கள் தலைக்கு மேல் திரும்பியபோது மழை தூறுவது போல ஒரு சத்தம். இளஞ்சிவப்பு உடம்பும் கறுப்புத் தலையும் கொண்ட இந்தக் குருவி மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு நம் பக்கம் வருகிறது. அதன் நேரம் ஒரு சுமைதூக்கும் தொழிலாளிக்கு நிமிஷக் கணக்கில் தெரிந்திருக்கிறது. நன்றி சொல்லத் தேடினேன். லாரி போய்விட்டது.

பிப்ரவரி 7, வெள்ளி – திருப்புடைமருதூர்

வீரவநல்லூர் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ, 150 ரூபாய். தைப்பூசத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. வழியெல்லாம் வயலில் பனி. ஆட்டோத் தம்பி ஸ்வெட்டர் போட்டிருந்தார், 11 மணிக்குத் திரும்பும்போது அதே ஆட்டோவில் வெயில் தாங்க முடியவில்லை.

திருப்புடைமருதூருக்கு வர எனக்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. ஆற்றில் வெள்ளம் போகிறது, கடக்க முடியாமல் அக்கரையில் நின்ற கருவூர்ச் சித்தர் 'நாறும்பூ நாதா' என்று கூப்பிட, அதைக் கேட்கச் சாமி தலையைச் சாய்த்தாராம். லிங்கம் இன்றும் சாய்ந்தேதான் இருக்கிறது. எங்கள் கரூர்க்காரரின் குரலுக்குச் சாய்ந்த சாமி என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். சன்னதியில் நின்றபோது தொண்டை அடைத்தது.

கோயிலை ஒட்டி ஆற்றங்கரையில் பழைய மருத மரங்கள். உச்சியில் கொக்கு, மடையான், அரிவாள் மூக்கன், நத்தைக்குத்தி நாரை என்று கலந்து இருந்தன. கீழ்க் கிளைகளின் இலைகள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தன. இந்த இடத்தின் பரப்பு 2.84 ஹெக்டேர், ஏறக்குறைய ஏழு ஏக்கர்தான். ஆனால் வனவிலங்குச் சட்டத்தில் 'பாதுகாப்புக் காப்பகம்' என்ற வகை புதிதாகச் சேர்ந்த பிறகு, 2005-ல் நாட்டிலேயே முதலாவதாக அப்படி அறிவிக்கப்பட்டது இந்த ஊர்தான். ஊர் ஜனங்களோடு கலந்து பேசி, அவர்களையும் நிர்வாகத்தில் வைத்துக்கொண்டு காப்பது அந்த வகையின் அடிப்படை. பெரிய புலிக்காடுகளுக்குக் கிடைக்கிற பேச்சில் நூறில் ஒரு பங்குகூட இந்த ஏழு ஏக்கருக்குக் கிடைத்ததில்லை என்பது என் ஆதங்கம்.

படித்துறையில் வழுக்கி விழுந்தேன். கண்ணெல்லாம் மரத்தில் இருந்தது, கால் பாசியில் போனது. முழங்கையில் தோல் உரிந்து, பைனாகுலர் தண்ணீரில் முங்கி எழுந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தர் ஓடிவந்து தூக்கிவிட்டு, குளிக்க வைத்திருந்த மஞ்சளைக் கல்லில் உரசிக் காயத்தில் அப்பினார். "மேல பாத்துட்டே நடக்கப்பிடாதுக்கா. நாங்களும் சின்னதுல இப்படித்தான் விழுந்தோம்" என்றார். பைனாகுலரின் இடது கண் உள்ளே பனி பிடித்த மாதிரி மங்கிவிட்டது. வீட்டில் அரிசி டப்பாவுக்குள் வைத்துப் பார்த்தோம், அசையவில்லை. நாளைக்கு ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 8, சனி – கூந்தன்குளம்

வேய்ந்தான்குளத்துப் புதுப் பேருந்து நிலையத்தில் 5.40-க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் பூஜ்ய ரூபாய் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்து, "குளத்துக்கா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு பஸ்ஸில், கையில் இருப்பது என்ன, எதை வேவு பார்க்கிறாய் என்று என்னை இறக்கி நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். மூலைக்கரைப்பட்டியில் டீ 12 ரூபாய், உளுந்த வடை 8 ரூபாய். வடையில் மிளகு தாராளம்.

குளத்தங்கரையில் ஏறியதும் கண்ணில் பட்டவை வரித்தலை வாத்துகள். வெள்ளைத் தலையின் பின்புறம் பட்டையாக இரண்டு கறுப்புக் கோடு. மங்கோலியாவிலும் திபெத்திலும் முட்டையிட்டு, இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. 7,000 மீட்டருக்கு மேலே பறப்பதை அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். காற்று அவ்வளவு மெலிந்த இடத்திலும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற ரத்தம் அதற்கு. ராத்திரி வயலில் மேய்ந்துவிட்டு, பகலில் இந்தத் தண்ணீரில் அமைதியாக உட்கார்ந்திருக்கின்றன. ஒற்றைக் கண்ணால் இரண்டு தடவை எண்ணினேன். 163. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் அதற்கு அப்பால் கூட்டமாகக் கிடந்தன. வெயில் ஏறியதும் கானலில் எண்ண முடியவில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்துக் குழந்தை, கருவேல மரங்களில் இருந்த கூழைக்கடாக்களைக் காட்டி, "இதெல்லாம் எந்த நாடு?" என்று கேட்டது. அப்பா "ஆஸ்திரேலியா" என்றார். குறுக்கே பேசுவது மரியாதையா என்று யோசித்தேன், பிறகு பேசிவிட்டேன். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நம் நாட்டுப் பறவைகள்தான். தண்ணீரும் மீனும் இருக்கும் இடம் தேடி நாட்டுக்குள்ளேயே அலைந்து, இங்கே கூடு கட்டுகின்றன. வெளிநாட்டிலிருந்து வருபவை வாத்துகளும் உள்ளான்களும். அவை இங்கே கூடு கட்டுவதில்லை, குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போகின்றன. வெளிநாட்டுப் பறவை என்று சொன்னால்தான் நமக்கு மதிப்பு வருகிறது. இங்கேயே பிறந்து இங்கேயே குஞ்சு வளர்ப்பவற்றுக்கு அது குறைந்துபோவதை நினைத்தால் எனக்கு வருத்தம். அந்த அப்பா பொறுமையாகக் கேட்டு, பிள்ளைக்கு மறுபடி சொல்லிக் கொடுத்தார். நல்ல மனிதர்.

பதினோரு மணிக்கு ஒரு காரில் நாலு பேர் பெரிய லென்சுகளோடு வந்தார்கள். வாத்துகள் பறக்கிற படம் வேண்டும் போல. முதலில் கைதட்டினார்கள். அசையவில்லை என்றதும் ஒருவர் கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தார். 163-ம் எழுந்தன. அவ்வளவு தூரம் பறந்து வந்து, ஊர் திரும்பும் முன் உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டிய நேரம் இது. ஒரு படத்துக்காக அதைச் செலவழிக்க வைக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். "ஏ தம்பி, ஒங்க வீட்டுக்கு விருந்தாளி வந்து சாப்பிடுத நேரம் கல்ல விட்டு எறிவியளா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. நாலு பேரும் காரில் ஏறிப் போனார்கள்.

சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். போன் சார்ஜும் இல்லை. மூலைக்கரைப்பட்டி ரோட்டில் இருட்டில் நடந்துகொண்டிருந்தபோது, வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று நின்றது. ஓட்டியவரின் மனைவி நகர்ந்து இடம் கொடுத்தார். இறங்கும்போது 50 ரூபாய் நீட்டினேன். வாங்கவில்லை, இரண்டு சீப்பு நாட்டுப்பழம் வேறு மடியில் வைத்தார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு – மறுபடியும் கூந்தன்குளம்

நேற்றே கரூர் திரும்பியிருக்க வேண்டும். குளத்தை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்காமல் போக மனசு வரவில்லை.

கூந்தன்குளத்தில் பறவைகள் குளத்தோடு நிற்பதில்லை. தெருவுக்குள் வந்து, வீட்டு வேம்பிலும் புளியிலும் கூடு வைக்கின்றன. டீக்கடையில் கேட்டதற்கு, "அன்னா அந்த ஆச்சி வீட்டு வேம்பப் பாருங்க" என்று கை காட்டினார்கள். வாசலில் நின்றேன். முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்து, "வா தாயி. நிழல்ல நில்லு, மேல எச்சம் விழும்" என்றார்.

வாடை கடுமையாகத்தான் இருந்தது. மீன் கவிச்சியும் எச்சத்தின் காரமும் சேர்ந்து கண்ணைக் கரித்தது. ஆச்சி தினமும் 5 மணிக்கு எழுந்து இந்த முற்றத்தைக் கழுவுகிறார். தை பிறந்துவிட்டால் இங்கே வற்றல் காயப்போடுவதில்லை, துணி காயப்போடுவதில்லை, பறவைகள் போகிற ஆனி மாதம் வரை. தீபாவளிக்கு இந்த ஊரில் வெடி கிடையாது. "எம் மவ கல்யாணத்துக்கே ஒரு வேட்டு போடல. பேறுகாலத்துக்கு வந்த பிள்ளைய யாராச்சும் பயங்காட்டுவாவளா?"

மேலே மஞ்சள் மூக்கு நாரைகள். ஒற்றைக் கண்ணை வைத்து எண்ணி, போனில் இருக்கும், பறவைக் கணக்கைப் பதிகிற ஈபேர்டு செயலியில் 11 கூடு என்று பதிந்தேன். ஆச்சி, "எத்தன வந்துச்சு?" என்றார். சொன்னேன். "பதினாலு" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி எண்ணினேன், 11-தான். ஆச்சி விளக்குமாற்றைச் சாத்திவிட்டு என்னைப் பக்கத்து வீட்டு மச்சுக்குக் கூட்டிப் போனார். முழங்கால் வலியோடு படிப்படியாக நின்று நின்று ஏறினார். மச்சில் நின்று பார்த்தால், வேம்பின் அந்தப் பக்கம், கிழக்குக் கிளையில் மூன்று கூடு. "அதுல நடுவுல உள்ளது பிந்தி வந்தது. பொங்கலுக்கு நாலு நாளு முந்தித்தான் குச்சி எடுக்க ஆரம்பிச்சுது. இன்னும் அட காக்கு. மத்ததுல எல்லாம் குஞ்சு கெடக்கு. முதக் கூட்டுல நாலு இருந்துச்சு, ஒண்ணு விழுந்துட்டு. சாக்குல பொதிஞ்சு சரணாலயத்து ஆளுக கையில குடுத்துட்டோம், அவுக மீன் போட்டு வளக்காவ."

மச்சிலேயே நின்றுவிட்டோம். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு நேரே ஒரு கூடு, பன்னிரண்டு அடி தூரம்கூட இல்லை. தாய் நாரை சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரண்டு சிறகையும் பாதி விரித்துத் தொங்கவிட்டது. அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சுகள், நரைத்த பஞ்சு போல, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. குளத்திலிருந்து இன்னொன்று வந்து இறங்கியது. வந்ததும் அலகைத் தாழ்த்தியது. மீன் வரும் என்று பார்த்தேன், தண்ணீர் வந்தது. தொண்டையில் தேக்கிக் கொண்டுவந்த தண்ணீரை அலகின் நுனி வழியாக ஒவ்வொரு குஞ்சின் மேலும் சொட்டுச் சொட்டாக விட்டது. குஞ்சுகள் தலையை ஆட்டி நக்கின. சிறகு பிடித்து நின்ற தாய் அசையவே இல்லை. "வெயிலு கூடக் கூட, அடிக்கடி வரும்" என்றார் ஆச்சி. "சித்திரையில பாக்கணும். பத்து நட, பன்னெண்டு நட."

நடையைக்கூட எண்ணியிருக்கிறார்.

இந்த ஊர்க் குளமும் பக்கத்துக் காடன்குளமும் சேர்ந்த 129 ஹெக்டேர் சரணாலயம் ஆனது 1994-ல். ராம்சார் பட்டியலில் கூந்தன்குளம் இடம்பெற்ற செய்தி 2022 ஆகஸ்டில் வந்தது. 1971-ல் ஈரானின் ராம்சார் நகரத்தில் போட்ட ஒப்பந்தம் அது, இந்தியா 1982-ல் சேர்ந்தது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். 1798-லேயே வேடந்தாங்கல் மக்கள், துப்பாக்கியோடு வந்தவர்களைத் தடுக்கச் சொல்லி, செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் எழுத்தில் உத்தரவு வாங்கிய கதையையும் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். 2011-லிருந்து தாமிரபரணிக் குளங்களில் வருடாவருடம் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள், 2015-லிருந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. எனக்கு அவற்றில் சான்றிதழ்கள் உண்டு. என் பெயர் பட்டியல்களில் இருக்கிறது. ஆச்சி நாற்பது வருடமாக இந்த வேம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்ததில் ஒரு வரிகூட எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பறவை பார்க்கிறவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. பட்டியல் வந்துவிட்டது, பலகை வந்துவிட்டது. அடுத்து மரியாதை வர வேண்டிய இடம் இந்த முற்றம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. இப்படி ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து கேட்டு எழுத ஆள் வேண்டும். நான் வருவேன்.

செயலியில் 11-ஐ அழித்து 14 என்று மாற்றினேன். குறிப்புப் பகுதியில், இந்த எண்ணிக்கை வீட்டு ஆச்சி சொன்னது, என் எண்ணிக்கை தவறு என்று எழுதி, ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். பெயரைப் போடலாமா என்றேன். "எம் பேரு எதுக்கு? எல்லா வீட்டுலயுந்தான் கூட்டுதோம். தெருன்னு போடு."

தண்ணீர் வராத வருடம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். இந்தக் குளத்துக்கு மழையோடு மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீரும் வந்தால்தான் முழுசாகப் பெருகும். ஆச்சி முற்றத்தைப் பார்த்தார். "சுத்தமாக் கெடக்கும். ஒரு எச்சம் இருக்காது. பாக்கவே புடிக்காது தாயி."

கிளம்பும்போது அவித்த பனங்கிழங்கு நாலு, தாளில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் கிழங்கை நார் நாராக உரித்துத் தின்றுகொண்டே வந்தேன். கையிலும் துணியிலும் கவிச்சி வாடை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்த அம்மா மூக்கைச் சுளிக்கவில்லை. "கூந்தன்குளமா? இந்த வருசம் நல்லா வந்திருக்காமே" என்றார்.

பிப்ரவரி 10, திங்கள் – கரூர்

ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. அல்வா அரைக் கிலோ அலுவலகத்துக்கு. பைனாகுலரைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறேன், 1,800 ரூபாய் ஆகும் என்கிறார்கள். முழங்கை ஆறிவருகிறது, மஞ்சள் கறைதான் போகவில்லை.

பிப்ரவரி 19, புதன்

மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. ஆச்சியின் பேரன், ஒன்பதாவது படிக்கிறான். "அக்கா, ஆச்சி ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாவ. கெழக்க நடுக் கூட்டுல நேத்து ராத்திரி பொரிச்சிட்டாம். மூணு. எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன்.